நடுவில் ஆரல்வாய்மொழி

எனக்குத் திருவனந்தபுரத்தில் வேலை.
விமானத்தின் வயிற்றைத் திறந்து பெட்டி இறக்குவது.
பிரிஸ்கில்லாவுக்குத் தூத்துக்குடி, வாகைக்குளம்.
சக்கர நாற்காலி தள்ளுவது.
வீடு ஆரல்வாய்மொழியில்.
கல்யாணப் பேச்சில் இரண்டு பக்கத்து மாமன்மாரும்
மைல்கல்லை எண்ணி, சண்டை போட்டு, முடித்து வைத்த இடம்.

இரண்டு விமான நிலையத்துக்கும் எத்தனை தூரம் என்று
கேட்பவர்களுக்கு நான் பஸ் கணக்குத்தான் சொல்வேன்.
வடசேரிக்கு ஒன்று.
தக்கலையிலும் களியக்காவிளையிலும் நின்று நின்று போகும் ஒன்று.
தம்பானூரில் இறங்கி இன்னொன்று.
அவளுக்கு வள்ளியூர், நாங்குநேரி,
திருநெல்வேலியில் ஒரு காப்பி,
பிறகு தூத்துக்குடி வண்டிக் கண்டக்டரிடம்
‘ஏர்போர்ட் விலக்கு’ என்று இரண்டு தடவை.
கூட்டினால் ஆறு மணி நேரம்.
மார்த்தாண்டத்தில் பாலத்தின் மேலே விட்டால்
பத்து நிமிடம் குறையும்.

ஆகாயத்தில் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர்தானாம்,
கூட வேலை செய்யும் சாஜன் போனில் அளந்து காட்டினான்.
ஆனால் இங்கிருந்து அங்கே விமானம் இல்லை.
சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.
சாஜனின் கோடும் எங்கள் வீட்டுக்கு மேலே இல்லை.
பேச்சிப்பாறைக்கும் வடக்கே
யானைகளின் தலைக்கு மேலே போகிறது.

போன ஐப்பசியில் ஒரு நாள்
வாகைக்குளத்தில் மழை. ஓடுபாதை தெரியவில்லை.
அவள் காத்திருந்த சென்னை விமானம்
இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு
என்னிடம் வந்தது.
அவள் தள்ளவேண்டிய ஆளும் உள்ளே இருந்தான்,
காலில் மாவுக்கட்டோடு ஒரு கல்யாண மாப்பிள்ளை.

சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கக் குனிந்தேன்.
இடது பக்கத்து உள் டயர் சுட்டது.
முதல் தோசைக்கு முந்திய கல் மாதிரி.
உள்ளங்கையை வைத்தேன். ஏனென்று சொல்லத் தெரியாது.
எடுத்தபோது ரேகையெல்லாம் கறுப்பு.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது.
அது கிளம்பிப் போய் இறங்க இருபத்தாறு நிமிடம்.
மலையில் மேகம் நகராததால் தெற்கே வளைந்து
காற்று வரும் கணவாய் வழியாகவே போயிருக்கிறது.
பஞ்சர் கடை வைகுண்டமணி பார்த்தாராம்.
‘சக்கரத்த மடக்காமயே போச்சு மக்கா,
காத்தாடி எறக்கை தட்டிரும்னு நெனச்சேன்.’
சக்கரம் பார்த்தது பொய்.
ஆனாலும் டயர் தெரிந்தவரின் பொய்.

எங்கள் வீடு அப்போது பூட்டிக் கிடந்தது.
கொடியில் இரண்டு யூனிஃபாரம் நனைந்து
அவளுடைய நீலம் என்னுடைய மஞ்சளில்
சாயம் விட்டிருந்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு வந்தாள்.
சாளைக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.
‘அந்த டயரத் தொட்டியா?’
‘எந்த டயரு?’
‘இடது பக்கம். உள்ள உள்ளது.’
‘நீரு போன்ல சொல்லலியே.’
உள்ளதுதான். போன் லாக்கரில் இருந்தது.

முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
‘மாப்பிள்ளைய எறக்கயில நாற்காலி வழுக்கிச்சு,
எதையோ பிடிச்சேன்’ என்று
வலது கையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.
சோறு ஒட்டிய கை.
கறுப்பு இருந்ததா, தெரியவில்லை.

அவளுக்கு மூன்றரைக்கு அலாரம்.
எனக்கு நாலேகால்.