பூண்டுக் கொட்டகை

வெங்காயமாக இருந்திருக்கலாம்.
பூண்டு கண்ணைக் கரிக்காது,
சாக்குச் சொல்ல வழியில்லை.

பூம்பாறையில் பொன்னுக்காளை அண்ணன் கொட்டகை.
ஞாயிறு மத்தியானம் ஏழெட்டுப் பேர்
தாள் வெட்டி, வேர் கிள்ளி, முடிச்சுப் போட்டு
புகை பிடிக்கத் தொங்கவிடுகிறோம்.
கூலி கிடையாது. கடுங்காப்பி உண்டு.

முதல் நாள் நான் செருப்பைக் கழற்றவில்லை.
'ஆண்டவன் கணக்கு' என்று யாராவது ஆரம்பித்தால்
அப்படியே திரும்பிவிடலாம் என்று.
ஜெசிந்தா நகர்ந்து சாக்கில் இடம் விட்டாள்.
கத்தரிக்கோலை நீட்டினாள்,
பிடி என் பக்கமாக.

இன்னொன்று பெத்துக்கலாமே என்று
இங்கே யாரும் சொல்வதில்லை.
கேட்பதெல்லாம் வேறு:
பல் விழுந்திருந்ததா?
தோசைக்குச் சட்னியா, சீனியா?

விகாஷினிக்கு முன்பல் ரெண்டும் இல்லை.
சீனியை 'ஹீனி' என்பாள்.
சொன்னேன்.
சிரித்துவிட்டார்கள்.
பதினான்கு மாதத்தில் முதல்முறையாக
என் பிள்ளையை வைத்து
யாரோ சிரித்தார்கள்.

அண்ணன் எதையும் சொன்னதில்லை.
ஏரிப் பக்கம் பஸ் போகும்போது
மலைப் பக்கம் திரும்பிக்கொள்வார்,
நாங்களாகத் தெரிந்துகொண்டோம்.

நான் சொல்வது டம்டம் பாறை வரைக்கும்தான்:
ஆம்புலன்ஸ், முன்னால் கேரட் லாரி,
ரோடு எது பள்ளம் எதுவென்று தெரியாத மூட்டம்.
அதற்குக் கீழே என் பேச்சு இறங்காது.
இறக்கிவிடு என்று அவர்களும் சொல்வதில்லை.

போன மாசம் தவமணியக்கா,
காப்பி ஆற்றித் தருவதோடு சரி, அவர்
பூண்டைப் பார்த்தபடியே சொன்னார்:
எனக்கும் ஒண்ணு. மூணு மணி நேரம் இருந்தான்.
இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. பேர் வைக்கல.

கத்தரிச் சத்தம் நின்றது.
ஜெசிந்தாதான் கேட்டாள்,
'தலையில முடி இருந்துச்சாக்கா?'

அக்கா நிமிர்ந்தார்.
'இருந்துச்சு. நெத்தி வரைக்கும்.
ஈரமா, சுருட்டையா.'
சொல்லிவிட்டு
வேறு யாராவது கேட்பார்களா என்று
ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

கேட்டோம்.
கடைசி பஸ் ஆரனை விடும் வரை கேட்டோம்.

ஊர் நடுவே கோயிலில் குழந்தை வேலப்பர்,
எத்தனை தேர் இழுத்தாலும் வயசு ஏறாத பிள்ளை.
ஒரு வருஷம் அந்தத் தெருவைச் சுற்றித்தான் நடந்தேன்.
இந்தத் தேருக்கு எல்லோரும் போனோம்,
கவுஞ்சி மாதாகோயில்காரி ஜெசிந்தாவும்.
கும்பிட்டோமா என்றால், இல்லை.
பள்ளிக்கூடம் விடுகிற நேரம் போல
வாசலோரம் நின்று
பார்த்துவிட்டு வந்தோம்.

வீட்டில் இவர் கொட்டகைக்கு வருவதில்லை.
வரச் சொல்லி நானும் கேட்டதில்லை.
ராத்திரி என் விரலை வாங்கி முகர்வார்,
எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை.
'இன்னைக்கு யார் யார்?' என்பார்.

பெரியவர்கள் பேரை அவர் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்வேன்,
கடைசியில்
சுருட்டை முடிக்காரன் என்பேன்.
'ம்' என்பார்.
எழுந்து போய் அடுப்பில்
தண்ணீர் வைப்பார்.