கவலையில்லாதவள்

டீசல் எஞ்சினைத் தூக்கி எடுத்த அன்று
படகின் பின்பக்கம் நான்கு விரல் மேலே வந்தது.
இத்தனை வருஷம் தண்ணீருக்குள் கிடந்த பாசிக்கோடு
மாயேபூர் வெயிலில்
சேலைக்குக் கீழே எட்டிப் பார்க்கும் உள்பாவாடை போல
நெளிந்து நின்றது.
ழான்-நோயல் கிரீஸ் கையை வேட்டைநாயின் முதுகில் துடைத்துவிட்டுச் சொன்னான்,
"மதாம், இவள் இளைத்துவிட்டாள்."

சான் சூசி என்று பெயர்.
கவலையில்லாதவள்.
ஊர் திரும்பிய பிரெஞ்சுக்காரர் வைத்தது;
விலையில் பெயரும் அடக்கம்.

மூடிப்போன நூலாலையில் பதினோரு வருஷம்
மின்பலகைக்கு முன்னால் நின்றவள் நான்,
ஆகவே வயர் என் பங்கு.
கடன் சதாசிவனின் பங்கு.

பதினாறு செல். நீல உறை.
ஒவ்வொன்றும் மூன்று மாதப் பிள்ளையின் கனம்.
தனியாக வைத்தால் மூன்றேகால் வோல்ட்டுக்கும் குறைவு,
ஒரு கொசுவைக்கூடக் கொல்லாது.
வரிசையாகக் கோத்தபின்
ஸ்பானர் நழுவிக் குறுக்கே விழுந்தால்
ஸ்பானரே மெழுகாகும்.
அதனால் அதன் கழுத்துவரை டேப் சுற்றினேன்.
வளையல், மோதிரம்,
பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுத் தாலி,
எல்லாம் மைலோ டப்பாவுக்குள்
செம்பு லக்குகளோடு நாற்பத்தேழு நாள்.
அவன் பார்த்தான்.
டப்பாவை மழை படாத பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஒன்பதாவது செல் நிரம்ப மறுத்தது.
இரண்டு இரவு அதற்கு மட்டும் தனியாக ஊட்டினேன்,
மீட்டரின் கடைசி இலக்கம்
ஏறும், இறங்கும், ஏறும்,
லா ஷோ ஆற்றுப் பக்கம் சேவல் கூவும்வரை.

புகைபோக்கி இருந்த ஓட்டையை அடைத்தோம்.
கடல்நீர் குடித்த குழாயை அடைத்தோம்.
மரத்தில் ஊறிய டீசல் வாடை மட்டும்
எந்த சோப்புக்கும் மசியவில்லை.

முதல் ஞாயிறு.
சுவிட்சைத் திருகினான். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தோம்;
கரை நகர்ந்துகொண்டிருந்தது.

"கயிற்றை விடூ!" என்று கத்தினான்.
"விட்டாச்சூ!" என்று கத்தினேன்.
விரிகுடா முழுக்க கேட்டது.
தூண்டிலோடு நின்ற ஒருவர் தொப்பியைத் தூக்கி,
"எனக்கும் கேட்டது, முசியே."
இருபது வருஷம் எஞ்சினுக்கு மேல் பேசிய வாய்கள்,
எவ்வளவு இறக்கியும் சந்தைக் குரல்தான் வந்தது.
பிறகு பேச்சையே நிறுத்திவிட்டோம்.

தண்ணீர் பலகையை நக்கும் சத்தம்.
எங்கோ ஒரு நாய்.
லயன் மலை மெல்லப் பின்னால் திரும்பியது.

பவளத்தொடரின் வாய் நெருங்கியது.
இருபுறமும் வெள்ளையாக அலை உடையும் இடம்.
அந்த இடத்தில் அவன் உதடு எப்போதும் அசையும்;
எனக்குத் தெரியும்; பார்த்திருக்கிறேன்.
ஏதோ பாட்டு என்று நினைத்திருந்தேன்.
ஒரு தடவை தோழியிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு,
அவர் கடலுக்குப் பாடுவார் என்று.

"வேண்டாம்," என்றான் சதாசிவன்
தன் மணிக்கட்டைப் பார்த்து, மிக மெதுவாக.
"வேண்டாம். வேண்டாம். வேண்டாம்."

மீட்டரில் எழுபத்தொரு சதவீதம்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"என்ன?" என்று கேட்டேன், பழக்கதோஷம்.
"ஒன்றுமில்லை" என்றான், கத்தாமல்.

வெளிக்கடலில் பாய் விரித்து மோட்டாரை அணைத்தோம்.
படகு ஓட, சும்மா சுழன்ற விசிறி
மின்சாரத்தைத் திருப்பித் தந்தது.
நாற்பது வாட். ஒரு பல்புக்குக் காணும்.
அவன் நாலு பேருக்கு போன் போட்டு அந்த நாற்பதைச் சொன்னான்.

வீட்டில் டப்பாவைக் கவிழ்த்தேன்.
இரண்டு லக் மிச்சம்.

அடுத்த ஞாயிறு சுக்கானில் நான்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை;
முன்னால் போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்,
முதுகைக் காட்டி.
எதிர்க்காற்று அன்று பலம்.
ஒவ்வொன்றாக என்னிடம் கொண்டுவந்து போட்டது.
ஏழு எண்ணினேன்.
எட்டாவதைத் தொடங்கியவன்
பாதியில் நிறுத்தி, பாயைப் பிடித்து இழுத்தான்.