கால் சுற்று

பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் விறகு டெப்போ,
அந்தப் பக்கம் கேரளம்.
லாரியைத் திருப்பும்போது பின்சக்கரம்
தினமும் ஒருதடவை மாநிலம் மாறிவிட்டு வரும்.

விறகு கீறுகிற மெஷின் கொல்லத்துக்காரி.
பூட்டிப்போன அண்டியாபீஸில் ஏலத்துக்கு எடுத்தது.
கூடவே ஒரு தகரப்பலகை வந்தது, மலையாளத்தில்:
170. மர்த்தம் கூட்டருது.
டென்னிசன் அண்ணன் அதன்மேல் சட்டையைத் தொங்கவிட்டார்.

முதல் மாதம் நான் நினைத்திருந்தேன்
பம்புதான் அழுத்தத்தைத் தருகிறதென்று.
இல்லை.
பம்பு எண்ணெயைத் தள்ளும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
உளி வெறுங்காற்றில் நகரும்போது
கேஜில் முள் இருபதில் படுத்துக் கிடக்கும்.
ரப்பர்க் கட்டை வந்தால் எழுபது, எண்பது.
அயனி என்றால் நூற்றிருபது.
எதிர்க்கிற மரம்தான் எண்ணை எழுதுகிறது.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் பம்பின் பெரிய பல் ஒதுங்கிக்கொள்ளும்.
சின்னது மட்டும் தள்ளும்.
உளி மெதுவாகும், கனக்கும்.
அந்த மாற்றத்தை நான் காதால் கேட்பதில்லை,
செருப்புக்கு அடியில் தரை சொல்லும்.

சித்திரையில் காற்றடித்து விழுந்த புளியின் தூர்
பளுகலிலிருந்து வந்தது.
நாலு பேர் உருட்டி ஏற்றினார்கள்.
முள் நூறு, நூற்றைம்பது,
நூற்றித் தொண்ணூற்றைந்தில் வால்வு கீச்சிட்டது.
எண்ணெய் தன் பாட்டுக்கு டாங்கிக்குத் திரும்பியது.
தூரில் நகம் பட்ட அடையாளம்கூட இல்லை.

"எட்டீ பெல்சி, கூட்டு. இன்னும் ரெண்டு சுத்து.
மெஷின் பின்னே எதுக்கு?"

அண்ணனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.
வால்வின் திருகிலும் பூட்டுநட்டிலும்
கொல்லத்தில் யாரோ நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்,
இரண்டையும் சேர்த்து, ஒரே சிவப்பு.
இப்போது அது ஒரே கோடு இல்லை.
கிறிஸ்துமஸ் வாரத்தில்
மூன்று லோடு பாக்கியிருந்த ராத்திரி
கால் சுற்று கூட்டியது நான்தான்.
யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஹோஸ் ஓரிடத்தில் ஆப்பம்போல் புடைத்திருக்கிறது.
போன வாரம் பக்கத்தில் அட்டைத்துண்டைப் பிடித்துப் பார்த்தேன்,
கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று
அதில் ஊசித்துளை போட்டது.
கையால் தடவிப் பார்த்திருந்தால்
எண்ணெய் தோலுக்குள் ஏறியிருக்கும்,
விரலை எடுத்திருப்பார்கள்.

மோட்டாரை நிறுத்தினேன். "கூட்டமாட்டேன் அண்ணே, குறைக்கணும்."
சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.
பலகையை வாசித்தார். பிறகு என்னை.
"கூட்டினது யாரு?"
"நான்."

கொஞ்சநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சட்டைப் பையில் பிரஷர் மாத்திரை அட்டை
சரசரவென்றது.

மார்த்தாண்டத்திலிருந்து வில்பிரட் புது ஹோஸ் கொண்டுவர மணி இரண்டு.
உளியைக் கடைசிவரை ஓட்டி முட்டவிட்டு
லீவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
மறுகையால் ஆலன் சாவியை இடப்பக்கம் திருப்பினேன்.
முள் தயங்கி இறங்கியது.
நூற்றி எழுபது.
கோடு கோட்டோடு சேர்ந்தது, ஒரு மயிரிழை விட்டு.

பிறகு தூரை நடுவில் குத்தவில்லை.
ஓரத்தில் வைத்தேன்,
பனங்கிழங்கு உரிக்கிற மாதிரி
பட்டைப் பக்கமாய்ச் சிம்பு சிம்பாக.
நூற்றிப்பத்து. தொண்ணூறு. ஒருதடவை நூற்றறுபது.
திருப்பிவை, மறுபடி ஓரம்.
சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி விறகாயிற்று.

நடுக்கட்டை மட்டும் மசியவில்லை.
மூன்று தடவை முள் நூற்றி எழுபதில் போய் நின்றது,
மூன்று தடவையும் வால்வு கீச்சிட்டது,
நான் லீவரை விட்டுவிட்டேன்.

இப்போது அது கேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
வில்பிரட் அதில் உட்கார்ந்துதான் டீ குடித்தான்.
பாறசாலைக்காரர் ஒருவர் விலை கேட்டார்.
அண்ணன் என்னைப் பார்த்தார்.
நான் எடை போடவில்லை.