கடி பார்த்தல்

மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில்
செயற்கைப்பல் செய்யும் கடை என்னுடையது.
சூளையில் ஒரு கடைவாய்ப்பல் வெந்துகொண்டிருந்தபோது
ஆன்சிலின் தீப்பெட்டியைத் திறந்து நீட்டினான்.
"பல்லுதான் எக்கா. மனுசனுக்கில்ல."

குன்றிமணியளவு பித்தளைச் சக்கரம்.
பதினெட்டில் ஒன்றைக் காணோம்.
லீவரை இழுத்தால் ஷட்டர் விறைக்குமாம்,
கிளிக் என்றும் கேட்குமாம்,
பிலிம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்குமாம்.
நாகர்கோவிலில் மூன்று பேர் கையை விரித்தாயிற்று.

பொக்கையைச் சுரண்டினேன்.
வெள்ளி உருக்கி ஒரு சொட்டு வைத்தேன்.
பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து
பைய அரத்தால் இழைத்தேன்.
மூச்சு விட்டால் பறந்துவிடும் சாமான்.

இணைச் சக்கரத்தோடு சேர்த்து
நடுவில் நீலத்தாள் வைத்துச் சுற்றினேன்,
வாயில் கடி பார்ப்பது போலவே.
ஓரிடத்தில் தூக்கல்.
இன்னும் ஒரு மயிரிழை.
பிறகு
உறுத்தாமல் ஓடியது.

காசோடு ஒரு படமும் வைத்தான்.
கருங்கல் சந்தையில் ஆக்கர்க்கடையில் வாங்கும்போதே
கேமராவுக்குள் கிடந்த பிலிமாம்.
பதினோரு படம் சுத்தம்:
ரப்பர் ஷீட், ஆடு, தொட்டிப்பாலத்தில் இரண்டு கன்னியாஸ்திரிகள்.
பல் போன பிறகு எடுத்தது எல்லாம்
பன்னிரண்டாவதில்.
அலைமேல் ஜன்னல், ஜன்னல்மேல் பந்தல்,
யார் யாரோ.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிரிப்பு
மூக்கில்லை, கண்ணில்லை.
லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.
மேல்வரிசை, இடப்பக்கம் இரண்டாவது
கட்டின பல்.

நான் கட்டியது இல்லை.
ஆனாலும்
நல்ல வேலை.