சிங்க் பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு

ஏற்காட்டு விடுதிப் பார்ட்டிகள் அலுத்துப்போய்
ரொசாரியோ விற்ற கன்ட்ரோலர்.
பதினோராயிரம். ஐந்நூறு குறைத்தான்,
இடப்பக்க க்யூ பட்டன் ஒட்டுகிறது என்பதற்காக.
"யாரோ ரம் ஊத்திட்டாங்க" என்றான்,
அந்த யாரோவை நன்றாகத் தெரிந்த முகத்தோடு.

கடைசி பஸ்ஸில் மடியில் வைத்து இறங்கினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
இரண்டு தட்டுகளும் தாமாகத் திரும்பிக்கொண்டன.
ஒயர் இல்லை, கரண்ட் இல்லை.
மலை வாசித்துப் பார்த்தது போல.
கண்டக்டர்தான் கத்தினார்: அடிவாரம், அடிவாரம்.
போனில் பிடித்துக்கொண்டேன்.

லீ பஜாரில் பகலெல்லாம்
வெல்ல மூட்டைக்கு பில் போடும் விரல்கள் இவை.
பார்க்காமலே ஓடும்.
இங்கே உட்கார்ந்தால்
வலது கையை இடது கைக்கு அடையாளம் தெரியவில்லை.
தட்டைத் தள்ளும்போது ஃபேடர் திறக்க வேண்டும்,
இழுக்கும்போது மூட வேண்டும்.
மூடினால் இழுக்க மறந்தது,
இழுத்தால் மூட மறந்தது.

தறி ஓடாத ஒரு ஞாயிறு
தண்ணீர்க் காசு கேட்டு வந்த அம்சவேணி
கதவருகே நின்று கேட்டது
ஹெட்போனுக்கு வெளியே மிஞ்சிய சத்தம் மட்டும்:
பிளாஸ்டிக்கில் விரல் உரசுவது.
"எலி வந்திருக்கா?"
ஆமாம் என்றேன்.

முதலில் முழுச் சொல்லாக விட்டேன்: அடிவாரம்.
பிறகு அறுத்தேன்.
அடி.
அடி அடி.
வா.
வா அடி. வாவா அடி.
ரம் ரம் ரம் ரம் என்று
அந்த ஒட்டுகிற பட்டன் தானே சொல்லிக்கொண்டது.
பின்னால் இழுத்தால்
ம்ரவாடிஅ.
அது எந்த ஊர் பஸ்ஸோ.

கலப்பதுதான் வரவில்லை.
திரையில் நூற்றிருபது, நூற்றிருபது என
இரண்டு எண்ணும் ஒழுங்காக நிற்கும்.
காதில் குதிரைக்குக் கால் இடறும்.
சிங்க் பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.
அழுத்தி அழுத்தி வெட்கமாகி
அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன்.

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிய ராத்திரி
சுவருக்கு அந்தப்பக்கம்
சென்றாயனின் இரண்டு விசைத்தறிகள்.
இது ஒரு டக், அது ஒரு டக்.
நடுவே இடைவெளி
மெலிந்து
மெலிந்து
ஒட்டி
நாலைந்து அடி ஒரே தறியாய் ஓடி
மறுபடி விலகின.
யாரும் தொடவில்லை.
மூன்று வருஷம் முன்னால்
இந்தச் சத்தத்தைக் காட்டித்தான்
வாடகையில் இருநூறு குறைத்திருந்தேன்.

ஒரு காதில் பாட்டு, ஒரு காதில் சுவர்.
முந்துகிறதா, பிந்துகிறதா?
தட்டின் விளிம்பை நகம் படும் அளவு இழுத்தேன்.
அதிகம்.
தள்ளினேன். அதிகம்.
போதும் என்று விரலை எடுத்தபோது
அம்மாபேட்டை பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.
பதினாறு எண்ணினேன். முப்பத்திரண்டு.
மூச்சு விட்டால் கலைந்துவிடும் போலிருந்தது.
அறுபத்தி

கரண்ட் போனது.
தறிகள் உடனே நிற்பதில்லை.
டக், ட்டக், ட்ட... என்று
குரல் தடித்து இறங்கித்தான் நிற்கும்.
லேப்டாப் பாட்டரியில் நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்,
சபையில் கைதட்டல் ஓய்ந்தது தெரியாமல்
தட்டிக்கொண்டிருப்பவள் மாதிரி.
கால் வேறு தரையில் மிதித்திருக்கிறது.

இருட்டில் சென்றாயன் குரல்:
"மேடம், உங்க தறிக்கு மட்டும் கரண்ட் இருக்கா?"

பதில் சொல்லாமல் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினேன்.
அடி, என்றது. அடி, வா. அடிவா, அடிவாரம்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, கவலையாகவே,
"அடிவாரமா? இந்நேரத்துக்கு பஸ் ஏது?"

கரண்ட் வந்தது.
ஒரு தறி முதலில் எழுந்தது.
மற்றது அரை அடி பின்னால்.
விளிம்பில் விரலை வைத்தேன்.