ஷட்டர்

கார்த்திகை பிறந்தால் என் பஸ்ஸுக்கு
இரண்டு இன்ஜின்.
ஒன்று முன்னால் உறுமுவது.
மற்றது ஐம்பத்தைந்து மார்புக்குள்
சளி கட்டி இழுப்பது.

அஸ்தம்பட்டி தாண்டியதும் ஆரம்பம்:
“கண்டக்டர், ஷட்டரை இறக்குங்க, குளுருது.”
அடிவாரத்துக்குள்
எல்லாக் கண்ணும் மூடிய தகரப் பெட்டி.
இவர் விட்ட மூச்சை அவர் வாங்கி
அவர் விட்டதை நான் வாங்கி
சில்லறை மாதிரி
கைமாற்றிக்கொண்டே
ஏற்காடு ஏறுகிறோம்.

பதினெட்டு வருஷம்
நாக்கில் விரல் தொட்டு நோட்டு எண்ணியவன் நான்.
மடியில் முடிந்தது, இடுப்பில் செருகியது,
மீன்கடைக் கல்லாவில் நனைந்தது
எல்லாப் பத்து ரூபாயும்
என் நாக்குக்குத் தெரியும்.
போன வருஷம் இதே மாசம்
பதினோரு நாள் படுத்தேன்.
எழுந்தவன் முதல் வேலையாக
பேங்க் காசாளர் வைத்திருப்பாரே,
ஈரப் பஞ்சு டப்பா,
அதை வாங்கிப் பையில் போட்டேன்.
செக்கர் பார்த்துவிட்டு
“ஆபீசர் ஆயிட்டீங்க” என்றார்.
சிரித்தேன். விரலைப் பஞ்சில் தொட்டேன்.

மருந்து சொல்லாத ஆள் இந்த வண்டியில் கிடையாது.
ரோஸ்லின் டீச்சருக்கு மிளகும் மஞ்சளும் போட்ட பால்.
நாகலூர் வெள்ளையனுக்குத் தேன்,
அதுவும் கடைத் தேன் இல்லை,
அவன் மச்சான் எடுத்தது, அவனே விற்பது.
ஒரு நாள் கழுத்தில் டை கட்டிய பையன் ஏறினான்.
பாட்டிலில் பச்சையாய் ஏதோ.
“முப்பதே நாள் சார், நோய் எதிர்ப்புச் சக்தி...”
முடிப்பதற்குள் தும்மினான்.
பஸ்ஸே சிரித்தது.
சிரித்ததில் பாதிப் பேருக்கு இருமல் வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மட்டும்
என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.
எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்றார்.
இரண்டு, சில நாள் இரண்டரை,
செல்போன் சார்ஜ் தீரும்வரை.
சீட்டில் மாத்திரைக்குக் கீழே எழுதினார்:
தூக்கம், ஏழு மணி நேரம்.
எந்த மெடிக்கலில் கிடைக்கும் என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

நேற்று பதினாலாவது வளைவில்
காப்பிப் பழம் பறிக்கப் போகும் இந்திராணியின் மடியில்
பிள்ளை வாந்தி எடுத்தது.
யாரும் சொல்லவில்லை.
ஷட்டர்கள் ஏறின,
தடதடவென்று, பின்சீட்டு வரைக்கும்.
மலை உள்ளே வந்தது.
ஈரமாக,
சவுக்காரம் போடாமல் குளித்த மாதிரி ஒரு வாசம்.
டீச்சர் புடவைத் தலைப்பைக் காதுக்கு இழுத்துக்கொண்டார்.
இந்திராணி பிள்ளையின் முகத்தைக் காற்றுக்குத் திருப்பினாள்.
இருபதாவது வளைவு வரை
இறக்கச் சொல்லி ஒரு குரல் இல்லை.
இருமலும் கொஞ்சம் குறைந்ததாகப் பட்டது.
எனக்கு அப்படிப் பட்டது, அவ்வளவுதான்.

ராத்திரி ஒண்டிக்கடையில் வண்டி தங்கல்.
கற்பகவல்லி கொடுத்தனுப்பிய ரசம்
பிளாஸ்கில் இன்னும் சூடு.
மிளகு அவள் கை போலவே, அளவு தெரியாது.
கண்ணில் நீர், மூக்கில் நீர்,
தலைக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி.
ரசம் குணமாக்கும் என்று அவள் சொன்னதில்லை.
“சாப்பிட்டுட்டுப் படுங்க” என்றுதான் சொல்வாள்.
இத்தனை வருஷம் முதல் வார்த்தையை மட்டும் கேட்டிருக்கிறேன்.

செல்போனை டிக்கெட் பைக்குள் போட்டுப் பூட்டினேன்.
டிரைவர் அருமைநாதன் குறட்டை
முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தது.
நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது.
தெரியாததுதான் தூக்கம் போல.

காலையில் இறங்கும் முன்
வண்டியைக் கொஞ்ச நேரம் திறந்தே போட்டேன்,
எல்லாப் பக்கமும்.
பனி ஒரு ஜன்னலில் ஏறி
மறு ஜன்னலில் இறங்கிப் போனது,
டிக்கெட் எடுக்காமல்.

மூக்கு இன்னும் ஒழுகத்தான் செய்கிறது.
ஏழே முக்காலுக்கு மறுபடி ஏற்றம்.
“கண்டக்டர், ஷட்டர்...”
“ஒரு ஜாண் இருக்கட்டும் டீச்சர்.”
முறைத்தார்.
தானே எழுந்து, இழுத்து,
நாலு விரல் விட்டார்.
போதும்.