பச்சை உடுப்பு

மேல்மிடாலம் கோயிலில்
பூசை உடுப்புகளைத் தேய்த்து மடிப்பவள் நான்.

ஊதா, வருகைக்காலத்துக்கும் தவக்காலத்துக்கும்.
சிவப்பு எப்போதாவது.
பொன்சரிகை வெள்ளையில்
இன்னும் கடை வாசம் போகவில்லை.

பச்சைதான் நைந்தது.
கழுத்தோரம் வியர்வை உப்பு,
தோளில் தையல்கார ததேயு போட்ட ஒட்டு.

பொதுக்காலம் என்று பெயர்.
ஒன்றும் நடக்காத வாரங்கள்:
ஆடிச் சாரல், வள்ளம் மணலில்,
வாசலில் வட்டிக்காரன், பிள்ளைக்குச் சளி,
பதினாறாம் ஞாயிறு,
பதினேழாம் ஞாயிறு.

"புதுசு எடுத்திரலாமா?" என்றார் சாமியார்.
"கொஞ்சம் பொறுங்க."

கல்லறையை விட்டு வந்தவர்
பிறகு என்ன செய்தார்?
கரையில் கரி மூட்டி
மீன் சுட்டார்,
விடிய விடிய வலைவீசி
வெறுங்கையோடு வந்தவர்களுக்கு.
அன்று என்ன நிறம் உடுத்தியிருந்தாரோ.

துணியைச் சன்னலில் தூக்கிப் பிடித்தேன்.
நைந்த இடத்தில் மட்டும்
கடல் தெரிந்தது.